சைபர் ஒன்றும் சைபர் இரண்டும்

பொங்கலுக்கு என் அண்ணன் பேத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். பி.காம். முடித்து ஒன்றரை வருஷமாக வேலை பார்க்கிறாள். "என்னம்மா வேலை?" என்று யார் கேட்டாலும் "டேகிங் வேலை" என்பாள். வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. அவள் பாட்டி, அதாவது என் அண்ணி, ஜவுளிக்கடையில் புடவைக்கு விலைச்சீட்டு கட்டுகிற வேலை என்றே தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

மாட்டுப் பொங்கலன்று சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றேன். "சின்னத் தாத்தா, இங்கிலாந்துக் கம்பெனிங்க வருமான வரிக் கணக்கு கொடுக்கிறப்ப, கணக்கில இருக்கிற ஒவ்வொரு தொகைக்கும் ஒரு அடையாளச் சீட்டு ஒட்டணும். அந்த ஒட்டற வேலைதான்" என்றாள். வாடிக்கையாளர் கணக்கை வெளியே காட்டக் கூடாதாம். அதனால் பிரிட்டிஷ் கம்பெனிகள் பதிவகத்தின் தளத்துக்குப் போய், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடிய ஒரு சின்னக் கம்பெனியின் கணக்கைத் திறந்து காட்டினாள். அண்ணி சொன்னது முழுக்கத் தப்பில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விலைச்சீட்டு கட்டுவது போலத்தான், ஆனால் கட்டுவது எண்களுக்கு.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கணக்குப் பிரிவில் பேனா பிடித்தவன் என்பதால் இது எனக்குள் என்னென்னவோ கிளறிவிட்டது. இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயமும் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் "நிர்வாகச் செலவு 245" என்று அச்சடித்திருந்தால் நமக்குப் புரிகிறது. கம்ப்யூட்டருக்கு அது வெறும் மூன்று இலக்கம். அது செலவா வரவா, எந்த வருஷத்தது, பவுண்டா ரூபாயா, 245தானா, இல்லை மேலே "ஆயிரத்தில்" என்று போட்டிருப்பதால் 2,45,000ஆ என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகையால் அந்த எண்ணுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், இந்த விவரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். அதுதான் டேக். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பதற்கு ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. பிரிட்டனில் கணக்குத் தரங்களை வகுக்கும் நிதி அறிக்கைக் கவுன்சிலே அந்தப் பட்டியலையும் வெளியிடுகிறது.

இந்த முறைக்கு எக்ஸ்.பி.ஆர்.எல். என்று பெயர். 1998இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாஃப்மன் என்ற கணக்காளர் இந்த யோசனையைத் தொடங்கி வைத்தார். கண்டுபிடித்தது கம்ப்யூட்டர்காரர் அல்ல, நம்மைப் போலக் கணக்கு எழுதியவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. முதலில் வந்த வடிவத்தை மனிதன் படிக்க முடியாது. மிஷின் மட்டும்தான் படிக்கும். பிறகு "இன்லைன்" என்று ஒரு திருத்திய வடிவம் வந்தது. இதில் கணக்கு சாதாரண இணையப் பக்கம் போலவே தெரியும். நீங்களும் நானும் படிக்கலாம். அதே பக்கத்துக்கு அடியில் டேக்குகள் இருப்பதால் மிஷினும் படிக்கும். 2011 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனில் கம்பெனிகள் வரிக்கணக்கை இணையவழியாகவே கொடுக்க வேண்டும், கூட வைக்கும் ஆண்டுக் கணக்கும் வரிக் கணக்கீடும் இந்த இன்லைன் வடிவத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். கார்ட்டர் பிரபு என்பவர் 2006இல் கொடுத்த அறிக்கையிலேயே இதற்கான பரிந்துரை இருந்தது. அயர்லாந்தும் 2013 வாக்கில் படிப்படியாக இதே வழிக்கு வந்தது.

கேட்கும்போதே நம் கருவூல நண்பர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். கணக்குத் தலைப்பு! 1987 ஏப்ரலில் நான்கு இலக்கத் தலைப்புகள் வந்தது நினைவிருக்கிறதா? முதல் இலக்கம் சைபரோ ஒன்றோ என்றால் வரவு. இரண்டு, மூன்று என்றால் வருவாய்ச் செலவு. நாலு, ஐந்து மூலதனச் செலவு. ஆறு, ஏழு கடன். 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவம், 0020 கம்பெனி வரி. அதற்குக் கீழே சிறு தலைப்பு, உட்தலைப்பு, கடைசியில் செலவின் இனம் என்று பதினைந்து இலக்கம் வரை நீளும். ஒவ்வொரு பில்லின் தலையிலும் அதை எழுதாமல் ஒரு ரூபாய் வெளியே போகாது. அதுவும் டேக்தான். நாங்கள் அதை மையால் ஒட்டினோம், என் பேத்தி மௌஸால் ஒட்டுகிறாள்.

இங்கே நான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாதது.

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் மேல்நிலை எழுத்தர். நான் இருந்த அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கத் தினக்கூலிக்குப் பதினோரு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு மாசக் கூலி பாக்கி. அனுமதி ஆணை வந்தபோது மார்ச் மூன்றாம் வாரம். மார்ச் மாசத்தில் கணக்குப் பிரிவு எப்படியிருக்கும் என்று இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மேஜையில் பில் கட்டுகள் ஆளை மறைக்கும். சம்பளம் என்றால் இன எண் 01, கூலி என்றால் 02. அன்று சாயங்காலம் வரிசையாகச் சம்பள பில்களுக்கு 01 போட்டுக்கொண்டே வந்த கை, அந்தப் பெண்களின் பில்லுக்கும் 01 போட்டுவிட்டது. மேலதிகாரி கையெழுத்திட்டார். அவர் பார்த்தது தொகையை, தலைப்பை அல்ல. பில், ஆட்சேபக் குறிப்போடு திரும்பி வந்தபோது மார்ச் 31 சாயங்காலம். திருத்தி அனுப்ப நேரமில்லை. அந்த வருஷத்து ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது. புது வருஷத்தில் மறுபடி அனுமதி வாங்கி, பணம் கைக்கு வந்தபோது ஜூன். பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது.

அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேலேர்ந்து இன்னும் பணம் வரலையாம்மா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மேலேயிருந்து பணம் வந்தாகிவிட்டது, தடுத்தது பக்கத்து மேஜையில் இருந்த நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. என் பேரில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது, அதற்குப் பதில் எழுதினேன், விஷயம் முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை.

பேத்தி திரையைக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த 01தான் கண்ணில் நின்றது. "இதுல தப்பு வருமாம்மா?" என்று கேட்டேன். "வரும் தாத்தா. அடைப்புக்குறியில்தான் அதிகம் வரும்" என்றாள். கணக்கில் செலவுகளை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். கழிக்க வேண்டியது என்று காட்டத்தான் அது. ஆனால் "நிர்வாகச் செலவு" என்று டேக் போட்டுவிட்டால், அது செலவு என்பது மிஷினுக்கு அந்தப் பெயரிலேயே தெரியும். அடைப்புக்குறியைப் பார்த்து அதற்கு மேல் ஒரு மைனஸும் போட்டால், மைனஸ் செலவு, அதாவது வரவு என்று ஆகிவிடும். பக்கத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மிஷின் படிக்கும் கணக்கு மட்டும் தலைகீழாகும். அதே மாதிரி "ஆயிரத்தில்" என்பதைக் குறிக்க மறந்தால் இரண்டரை லட்சம் பவுண்டுச் செலவு 245 பவுண்டாகிவிடும்.

அவள் தானே செய்த ஒரு தப்பையும் சொன்னாள். வாராக் கடனுக்கு ஒதுக்கிய தொகை, ஆங்கிலத்தில் "புரொவிஷன்". பட்டியலில் புரொவிஷன் என்று ஒரு டேக் இருந்தது, அதைப் போட்டுவிட்டாள். அந்த டேக்கோ கம்பெனி பின்னால் கொடுக்க வேண்டியிருக்கும் பொறுப்புகளுக்கானது. இவளுடையது கம்பெனிக்கு வர வேண்டிய பாக்கியிலிருந்து கழிப்பது. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் மேல்வகுப்பில் கணக்குப்பதிவும் ஒரு பாடம். பிரான்சின் பொதுக் கணக்குத் திட்டம் அப்போது 1957இல் வந்த பதிப்பு. ஒன்றாம் வகுப்பு மூலதனம், நான்காம் வகுப்பு கொடுக்கல் வாங்கல், ஆறாம் வகுப்பு செலவு, ஏழாம் வகுப்பு வரவு என்று மனப்பாடம் செய்தோம். எங்கள் முசியே இந்த "ப்ரொவிஸியோன்" என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஒரே சொல், இரண்டு வேலை, எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்பார். ஒன்று போலத் தோன்றி வேறாக இருக்கும் சொற்களுக்குப் பிரெஞ்சில் "ஃபோ ஸாமி" என்று பெயர், பொய் நண்பர்கள். நாங்கள் பையன்கள் "போ சாமி" என்போம். பேத்திக்கு இதைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். "எங்க செக்கர் பார்த்துத் திருத்திட்டார் தாத்தா" என்றாள். "அவர் பார்க்கலன்னா?" என்றேன். பதில் வரவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டாம். எல்லாருக்கும் மார்ச் மாசம், வருஷம் முழுக்க.

இப்போது என் அபிப்பிராயம்.

இந்த இன்லைன் முறை நல்ல முறை. நான் அதன் கட்சி. ஏனென்று சொல்ல மற்ற இரண்டு முறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பிரான்சில் பெட்டி முறை. என்னோடு படித்தவன் ஒருவன் அங்கே போய், பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு அலுவலகத்தில் ஓய்வுபெறும் வரை இருந்தான். அவன் சொல்வான்: வரித்துறைக்கு 2050 முதல் 2059 வரை படிவங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டெழுத்துப் பெயர். மொத்த விற்பனை எஃப்.எல்., கடைசியில் லாப நஷ்டம் ஆஷ்.என். அந்தப் படிவங்களை நிரப்பும் கம்பெனி எதுவானாலும் அதே கட்டம். இப்போது காகிதம் போய் மின்வழி வந்தாலும் கட்டம் அதேதான். இதில் ஒழுங்கு உண்டு, தப்பும் குறைவு. ஆனால் கட்டத்தில் அடங்காத விஷயம் கட்டத்துக்குள் வராது. கம்பெனி தன் கணக்கைத் தன் பாணியில் சொல்ல அங்கே இடமில்லை.

நம் நாட்டில் இரட்டை வேலை. 2010-11 கணக்கு ஆண்டு முதல், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள், ரூ.5 கோடிக்குக் குறையாத செலுத்திய மூலதனமோ ரூ.100 கோடிக்குக் குறையாத விற்பனையோ உள்ள கம்பெனிகள் முதலியவை தங்கள் ஆண்டுக் கணக்கை எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவத்தில் கம்பெனி விவகார அமைச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்லது. ஆனால் வருமான வரித்துறைக்கு ஐ.டி.ஆர்.-6 படிவம் தனி. அதோடு இணைப்பு எதுவும் வைக்க முடியாது. ஐந்தொகை, லாப நஷ்டக் கணக்கு எல்லாவற்றையும் அதிலுள்ள கட்டங்களில் மறுபடி நிரப்ப வேண்டும். அதாவது ஒரே சர்க்காரின் இரண்டு துறைகளுக்கு ஒரே எண்ணை இரண்டு தடவை, இரண்டு அச்சில். இரண்டு தடவை எழுதினால் இரண்டு விதமாக ஆகும் என்பது குமாஸ்தாக்களின் முதல் பாடம். பேரேட்டையும் நாளேட்டையும் ஒத்துப் பார்த்தே கண் போனவர்கள் நாம்.

பிரிட்டிஷ் முறையில் கம்பெனி தன் கணக்கைத் தன் பாணியிலேயே எழுதுகிறது. இயக்குநர் கையெழுத்திட்ட அதே கணக்குத்தான் வரித்துறைக்குப் போகிறது. மனிதன் படிப்பதும் மிஷின் படிப்பதும் ஒரே பக்கம். நம்மூரிலும் டேக் போட்ட ஒரே ஆவணத்தை இரண்டு துறைகளும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே டேக் போடுகின்றன. வரித்துறை அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். சிறிய கம்பெனிக்கு இது சுமை. அப்பா, மகன் இரண்டு பேர் வைத்திருக்கும் கம்பெனிக்கு டேக் தெரிந்த ஆள் எங்கே? பிரிட்டனில் ஆரம்பத்தில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். சிறு கம்பெனிகள் காசு செலவில்லாமல் நிரப்ப வரித்துறையும் பதிவகமும் சேர்ந்து ஒரு இணையச் சேவை வைத்திருந்தன. கட்டத்தில் எண்ணைப் போட்டால் டேக் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேவையை 2026 மார்ச் 31-உடன் மூடுவதாக அறிவித்தார்கள். அதன் பிறகு மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும். இது தவறு என்பேன். ஒரு படிவத்தைச் சர்க்கார் கட்டாயமாக்கினால், அதை நிரப்பப் பேனாவையும் சர்க்காரே மேஜையில் கட்டித் தொங்கவிட வேண்டும். நம் தபாலாபீசில் செய்ததுதான். மை வராவிட்டாலும் பேனா இருந்தது.

அதைவிட எனக்கு முக்கியமானது இன்னொன்று. டேக் என்பது ஒட்டும் வேலை அல்ல. அது ஒரு தீர்மானம். இந்தத் தொகை என்ன என்று ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவை எடுப்பவர் சென்னையில் பக்கக் கணக்கில் வேலை செய்யும் இருபத்திரண்டு வயதுப் பெண். அதற்குப் பொறுப்பேற்பவர் மான்செஸ்டரிலோ லீட்ஸிலோ உள்ள இயக்குநர். அவர் பார்ப்பது அச்சில் தெரியும் பக்கத்தை, அடியில் உள்ளதை அல்ல. என் மேலதிகாரி தொகையைப் பார்த்துக் கையெழுத்திட்ட அதே கதை. நம் நாட்டில் அமைச்சகத்துக்குப் போகும் எக்ஸ்.பி.ஆர்.எல். படிவத்துக்குத் தொழில் செய்யும் பட்டயக் கணக்காளரோ கம்பெனிச் செயலரோ அடக்கவிலைக் கணக்காளரோ சான்று கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நாம் மேல். அதற்கும் ஒரு படி மேலே போய், கையெழுத்து வாங்கும் முன் ஒரு பட்டியல் வைக்க வேண்டும் என்கிறேன். இடப்பக்கம் எண், வலப்பக்கம் அதன் டேக் பெயர், நம் மொழியில். இயக்குநர் அதை ஒரு தடவை விரல் வைத்துப் படிக்கட்டும். "வாராக் கடன் ஒதுக்கீடு, கொடுக்க வேண்டிய பொறுப்பு" என்று அடுத்தடுத்து இருந்தால் கம்பெனி நடத்துகிறவருக்கு உறுத்தாமல் போகாது. அவருக்கு டேக் தெரியாது, தன் கம்பெனி தெரியும்.

பேத்தியிடமும் இதைச் சொன்னேன். சந்தேகம் வந்தால் கேட்டு எழுது, பக்கம் குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். "அப்படிச் சொன்னா இன்க்ரிமென்ட் வராது சின்னத் தாத்தா" என்றாள். அதுவும் நியாயம்தான். பக்கத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் பக்கத்தைத்தான் வாங்குகிறார்கள். தப்பில்லாத பக்கம் வேண்டும் என்றால் சரிபார்க்கும் நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். இது இங்கிலாந்துக் கம்பெனிகளுக்கும் பொருந்தும், நாளைக்கு நம்மூரில் வந்தால் நமக்கும் பொருந்தும்.

அவள் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பதினோரு பெண்களின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். அதில் ஓர் அம்மா இன்னும் இருக்கிறார், முதலியார்பேட்டைப் பக்கம். சில சமயம் மார்க்கெட்டில் பார்ப்பேன். "ஐயா சௌக்கியமா?" என்று கேட்பார். சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வருவேன். அடுத்த முறை பார்த்தால் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.